வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்கு: எட்டுப் பேர் அலுவலகத்துக்கு எந்த வி.பி.என்?

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளின் தரவு இருக்கும் கணினி ஒன்று, கட்சிக்காரர்களின் கோப்புகள் கிடக்கும் ஷேர்டு ஃபோல்டர், ஒரு பிரிண்டர், வாசலில் கைரேகை வருகைப் பதிவு மெஷின். அந்த நெட்வொர்க் இவ்வளவுதான். அதில் மூன்று பேர் இனி வெளியிலிருந்தும் வேலை பார்க்க வேண்டும். ஒருவர் பிரசவம் முடிந்து வீட்டில் இருப்பவர். இன்னொருவர் கோபிப் பக்கத்துக் கிராமத்துக்குக் குடிபோனவர். மூன்றாமவர் ஆடிட்டரே, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கெடு நெருங்கும் நாட்களில், அதாவது மாதம் 11-ஐயும் 20-ஐயும் ஒட்டி, இரவு பதினொரு மணிக்கும் கணக்கைத் திறந்து பார்ப்பவர்.

"ஏதாச்சும் ஒரு வி.பி.என். போட்டுட்டா முடிஞ்சிருமுங்களா?" என்று ஆடிட்டர் கேட்டார்.

வி.பி.என். என்பது பொது இணையத்தின் நடுவே வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போகும் பூட்டிய சுரங்கம். அதைப் போட்டால் மட்டும் முடிந்துவிடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். எந்த மென்பொருள் வேகமானது என்ற ஒப்பீடு இணையத்தில் நிறையக் கிடைக்கிறது. சின்ன அலுவலகத்தில் முடிவைத் தீர்மானிப்பது வேகம் அல்ல. அலுவலகத்துக்கு வெளியிலிருந்து தெரியும் முகவரி இருக்கிறதா, சுரங்கத்துக்குள் எதை அனுப்பப் போகிறோம், ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அவர் சாவியை யார் பிடுங்குவார் என்ற மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள வழிகளை எல்லாம் இந்த மூன்றையும் வைத்துத்தான் அளந்தேன்.

வங்கிகளும் பெரிய ஆலைகளும் கிளைகளுக்கு நடுவே தனி லீஸ்டு லைன் வாங்கிக்கொள்கின்றன. வீட்டில் இருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. நமக்குக் கிடைப்பது பொது இணையம். அதில் தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து, யார் யாருடைய ரவுட்டர்கள் வழியாகவோ போகிறது. வி.பி.என். செய்வது, அலுவலக முகவரி எழுதிய பொட்டலத்தைப் பூட்டி, பொது முகவரி எழுதிய இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்புவது. வழியில் இருப்பவர்களுக்கு வெளி உறை மட்டுமே தெரியும்.

தொடக்கத்திலேயே தள்ளிவிட வேண்டியவை

ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது எண்ணிட்ட வாசலைத் திறந்து, ரிமோட் டெஸ்க்டாப்பை (தொலைவிலிருந்து ஒரு கணினியின் திரையைத் திறந்து இயக்கும் விண்டோஸ் வசதியை) நேராக இணையத்துக்குக் காட்டுவது நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. பத்து நிமிட வேலை, செலவில்லை என்பதால் ஆசை வரும். அந்தப் போர்ட்டைத் தேடி நாள் முழுக்க இணையத்தைத் துழாவும் நிரல்கள் இருக்கின்றன. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் ப்ளூகீப் என்ற ஓட்டை வெளிவந்தபோது, கைவிடப்பட்டிருந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. கடவுச்சொல்லே தெரியாமல் உள்ளே நுழைய விடும் ஓட்டை அது. எண்ணை 3389-லிருந்து 33890-க்கு மாற்றி வைப்பது பாதுகாப்பு ஆகாது. துழாவுகிறவன் இன்னும் சில நிமிடம் கூடுதலாகத் துழாவுவான், அவ்வளவுதான்.

பழைய ரவுட்டர்களின் மெனுவில் பி.பி.டி.பி. என்று ஒன்று இருக்கும். 1999-ல் ஆவணமான வி.பி.என். முறை. அதில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பகுதியை உடைக்க முடியும் என்று 2012-ல் மாக்ஸி மார்லின்ஸ்பைக் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் செய்தே காட்டினார். 2016-ல் ஆப்பிள் தன் ஐஃபோனிலிருந்தும் மேக்கிலிருந்தும் அதை எடுத்துவிட்டது. மெனுவில் இருக்கிறது என்பதற்காகத் தொட வேண்டாம்.

எனிடெஸ்க் போன்றவை வேறு வகை. அவை நெட்வொர்க்கை இணைப்பதில்லை. ஒரு கணினியின் திரையை மட்டும் காட்டுகின்றன. அவசரத்துக்கு உதவி செய்ய நல்லது. ஆனால் இலவசப் பதிப்பு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே. அலுவலகத்தில் தினமும் ஓட்ட உரிமம் வாங்க வேண்டும். 2024 பிப்ரவரியில் அந்த நிறுவனமே தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக அறிவித்தது. கட்சிக்காரர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் கிடக்கும் இடத்தில் இதை நிரந்தர வாசலாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முகவரி இருக்கிறதா?

இங்கேதான் பாதி முடிவு வந்துவிடுகிறது. வெளியிலிருந்து ஒருவர் அலுவலக ரவுட்டரைத் தொட வேண்டுமானால், அந்த ரவுட்டருக்குப் பொது ஐ.பி. முகவரி வேண்டும். இணைய நிறுவனங்கள் இப்போது ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. இதற்கு சி.ஜி.நாட் என்று பெயர். அப்படி இருந்தால் அலுவலகத்திலிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. ரவுட்டரில் போர்ட்டை எத்தனை முறை திறந்து வைத்தாலும் பயனில்லை.

சோதிப்பது எளிது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் ஐ.பி. (WAN IP) என்று காட்டும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கூகுளில் உங்கள் ஐ.பி. என்ன என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றானால் உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறது. வான் எண் 10 என்று தொடங்கினாலோ, 100.64-லிருந்து 100.127 வரை இருந்தாலோ சி.ஜி.நாட்டுக்குள் இருக்கிறீர்கள். இந்த 100.64 வரிசை, 2012-ல் இதே வேலைக்கென்று ஒதுக்கப்பட்டது. ஈரோட்டு அலுவலகத்தின் ரவுட்டரில் நான் பார்த்த எண் 100.72 என்று தொடங்கியது.

அப்போது மூன்று வழி உண்டு: இணைய நிறுவனத்திடம் மாதக் கட்டணம் கொடுத்து ஸ்டாட்டிக் ஐ.பி., அதாவது மாறாத பொது முகவரி வாங்கலாம். மும்பையிலோ பெங்களூருவிலோ ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்து, அலுவலகமும் வீடுகளும் அங்கே போய்ச் சந்திக்கும்படி வைக்கலாம். அல்லது, கீழே விளக்கும் டெய்ல்ஸ்கேல் போன்ற ஏற்பாட்டுக்குப் போகலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் மென்பொருளை நிறுவி, ஏன் இணையவில்லை என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

களத்தில் நிற்பவை

எல்2டி.பி., ஐ.பி.செக் என்ற இரண்டும் சேர்ந்த வி.பி.என். முறைக்கு ஒரு வசதி: விண்டோஸிலேயே இருக்கிறது, எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே சாவியைப் பகிர்ந்து கொடுத்து ஓட்டுகிறார்கள். ஒருவர் போனால் எல்லோருக்கும் மாற்ற வேண்டும். எனவே யாரும் மாற்றுவதில்லை. சர்வர் ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால், ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் ரெஜிஸ்ட்ரி என்ற உள் அமைப்புப் பட்டியலில் ஒரு மதிப்பை மாற்றினால்தான் இணையும். மைக்ரோசாஃப்டே 2024 அக்டோபரில் இதையும் பி.பி.டி.பி.யையும் விண்டோஸ் சர்வரில் இனி வளர்க்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. இதன் அடுத்த தலைமுறையான ஐ.கே.இ.2 உண்மையிலேயே நல்ல முறை. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பு அறாமல் தாங்கும். ஆனால் ஆளை அடையாளம் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ்களைக் கட்டி மேய்க்க ஒரு முழுநேர ஆள் இருக்கும் இடத்துக்கே அது பொருத்தம்.

ஃபயர்வால் என்ற பாதுகாப்புப் பெட்டி வாங்கி, அதற்குள்ளேயே வரும் எஸ்.எஸ்.எல். வி.பி.என்.னைப் பயன்படுத்தச் சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. பெட்டி நல்லதுதான், ஆண்டுச் சந்தாவைப் புதுப்பித்து, திருத்தம் வந்த அன்றே போட ஆள் இருந்தால். 2024 ஜனவரியில் இவான்டி என்ற நிறுவனத்தின் வி.பி.என். பெட்டிகளில் ஓட்டைகள் வெளிவந்தபோது, அமெரிக்க அரசின் சைபர் அமைப்பு தன் மத்தியத் துறைகளை எல்லாம் பிப்ரவரி 2 நள்ளிரவுக்குள் அந்தப் பெட்டிகளைக் கழற்றச் சொன்னது. எட்டுப் பேர் அலுவலகத்தில் அப்படி ஓர் எச்சரிக்கையை யார் படிப்பார்கள்?

மிஞ்சுவது ஓப்பன்வி.பி.என்., வயர்கார்டு, டெய்ல்ஸ்கேல்.

ஓப்பன்வி.பி.என். 2001-லிருந்து இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் சான்றிதழ், அதோடு பயனர் பெயர், கடவுச்சொல் என்று அடுக்கலாம். யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது போனார் என்று பதிவு எழுதி வைக்கும். இதன் தனிப் பலம் ஒன்று: சில விடுதி, கல்லூரி வைஃபைகளில் வழக்கமான இணையப் பக்கங்களைத் தவிர எல்லாவற்றையும் அடைத்து வைத்திருப்பார்கள். அங்கேயும் இணையப் பக்கங்கள் வரும் 443 என்ற போர்ட் வழியாக டி.சி.பி.யில் (தொலைந்த பொட்டலத்தைத் திரும்ப அனுப்பும் முறை) ஓப்பன்வி.பி.என். பெரும்பாலும் நுழைந்துவிடும். ஆனால் எப்போதும் டி.சி.பி.யில் ஓட்டக் கூடாது. உள்ளே ஓடும் இணைப்பும் தொலைந்த பொட்டலத்தைத் திரும்ப அனுப்பும், வெளி இணைப்பும் திரும்ப அனுப்பும். லைன் கொஞ்சம் தடுமாறினாலே இரண்டும் மோதிக்கொண்டு எல்லாம் நின்றுபோகும்.

அதன் பாரம் சான்றிதழ்களில் இருக்கிறது. ஒருவர் விலகும்போது அவர் சான்றிதழை ரத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியலுக்கும் ஒரு காலாவதி நாள் உண்டு, சான்றிதழ்களை உருவாக்கும் ஈஸி-ஆர்.எஸ்.ஏ. கருவி இயல்பாக 180 நாள் வைக்கிறது. அந்த நாள் தாண்டினால் ரத்தானவர் மட்டுமல்ல, யாருமே உள்ளே வர முடியாது. நான் அமைத்துக் கொடுத்த ஓர் அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஒருவராலும் இணைய முடியவில்லை. இணைய லைன், ரவுட்டர், விண்டோஸ் அப்டேட் என்று மூன்று மணி நேரம் தேடிய பிறகுதான் காரணம் இந்தப் பட்டியல் என்று தெரிந்தது. பிழை என்னுடையது, நாளைக் குறித்து வைத்திருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை யாராவது நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய வேலை, சின்ன அலுவலகத்தில் எப்படியும் ஒருநாள் மறந்துபோகும் என்பதை அன்றிலிருந்து ஒரு அளவுகோலாகவே வைத்திருக்கிறேன்.

வயர்கார்டு இதற்கு நேர் எதிர். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது. 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6-ல் கெர்னலுக்குள்ளேயே, அதாவது இயங்குதளத்தின் மையத்திலேயே சேர்ந்தது. ஏறத்தாழ 4,000 வரிதான் நிரல். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சாவி ஜோடி: ரகசியமாக வைப்பது ஒன்று, பிறருக்குக் காட்டும் பொதுச் சாவி ஒன்று. சர்வரில் அந்தக் கருவியின் பொதுச் சாவியை எழுதினால் உள்ளே வரலாம். அந்த வரியை அழித்தால் வர முடியாது. காலாவதி கிடையாது, ரத்துப் பட்டியல் கிடையாது. சாவி தெரியாதவன் தட்டினால் பதிலே சொல்லாது. துழாவுகிறவனுக்கு அங்கே ஒரு வாசல் இருப்பதே தெரியாது. மைக்ரோடிக் நிறுவனத்தின் ரவுட்டர்களில், அவற்றின் மென்பொருளின் ஏழாம் பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். வயர்கார்டுக்கு ஆளைத் தெரியாது, கருவியைத்தான் தெரியும். மடிக்கணினி திருடுபோனால் எடுத்தவனும் உரியவரும் அதற்கு ஒன்றுதான். கடவுச்சொல், ஓ.டி.பி. என்று இரண்டாம் பூட்டுப் போட அதற்குள் இடமில்லை. யார் எப்போது உள்ளே வந்தார் என்ற பதிவும் தானாக எழுதாது. 2022 ஏப்ரல் 28-ல் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. (அதே உத்தரவில் பயனர் விவரங்களை 5 ஆண்டு வைக்கச் சொல்லும் பகுதி பொதுமக்களுக்கு வி.பி.என். விற்பவர்களுக்கானது, அலுவலகங்கள் தம் ஊழியருக்கு வைத்துக்கொள்வதற்கு அது பொருந்தாது என்று பிறகு தெளிவுபடுத்தினார்கள்.) எனவே வயர்கார்டு வைத்தால் பதிவை ரவுட்டரிலோ விண்டோஸிலோ தனியாக எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். யு.டி.பி.யில் (தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத முறை) மட்டுமே ஓடும் என்பதால் அடைத்து வைத்த வைஃபைகளில் வேலை செய்யாது.

டெய்ல்ஸ்கேல் உள்ளுக்குள் வயர்கார்டுதான். சாவிகளைக் கருவிகளுக்கிடையே பரிமாறும் வேலையை மட்டும் ஒரு மைய சேவை பார்த்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே ஒரே நேரத்தில் தட்டி, நடுவில் வழியைத் திறந்துகொள்வதால் சி.ஜி.நாட் ஒரு தடையே இல்லை. அப்படித் திறக்க முடியாத இடத்தில் அவர்களுடைய இடைச் சர்வர் வழியாகப் போகும். வேகம் குறையும், பூட்டு அப்படியே இருக்கும். உள்நுழைவது கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக என்பதால் இரண்டாம் பூட்டு அங்கேயே கிடைக்கிறது. வேலையை விட்டவரின் கணக்கை மூடினால் அவர் புதிதாக உள்நுழைய முடியாது. ஏற்கெனவே இணைந்திருக்கும் கருவிக்குக் கதவை உடனே மூட, டெய்ல்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்திலும் அவர் பெயரை நீக்க வேண்டும். பிரிண்டர், கைரேகை மெஷின் போன்ற, மென்பொருள் நிறுவ முடியாதவற்றுக்கு அலுவலகத்தில் ஒரு கணினியை வழிகாட்டியாக வைத்தால் போதும்.

விலை என்ன? யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் இடம் இன்னொரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அது ஏற்கத்தக்கதா என்பதை அலுவலகம்தான் சொல்ல வேண்டும். மனம் ஒப்பாதவர்கள் ஹெட்ஸ்கேல் என்ற திறந்த மென்பொருளைத் தங்கள் சர்வரில் ஓட்டலாம். ஆனால் அதற்கு மறுபடியும் ஒரு பொது முகவரியும் ஓர் ஆளும் வேண்டும். இங்கேயும் ஒரு 180 நாள் உண்டு: கருவியின் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதி ஆகும். வீட்டுக் கணினிகளுக்கு அது நல்லது. அலுவலகத்தில் ஆளில்லாமல் நிற்கும் கணினிக்கு மட்டும் அந்தக் காலாவதியை முதல் நாளே அணைத்துவிட வேண்டும்.

சுரங்கத்துக்குள் என்ன போகிறது

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். வி.பி.என். இணைந்தவுடன் வீட்டுக் கணினியில் டேலியைத் திறந்து, அலுவலக ஷேர்டு ஃபோல்டரைக் காட்டுவார்கள். திறக்கவே திறக்காது. பழி வி.பி.என். மேல் விழும், வேறு வி.பி.என். மாற்றுவார்கள். அதிலும் திறக்காது.

கணக்குப் போட்டால் புரியும். ஓர் அறிக்கையைத் திறக்க, கணினி ஃபோல்டரிடம் 1,000 முறை கேட்டுப் பதில் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்குள் ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை மில்லி நொடி. மொத்தம் அரை நொடி. வீட்டிலிருந்து ஒரு முறை போய் வர 40 மில்லி நொடி ஆனால் மொத்தம் 40 நொடி. 100 எம்.பி.பி.எஸ். லைனை 300 ஆக உயர்த்தினாலும் அந்த 40 நொடி குறையாது. குழாய் அகலமாகிறது, தூரம் அதேதான். இடையில் லைன் அறுந்தால் எழுதிக்கொண்டிருந்த தரவு சேதமாகும் ஆபத்து வேறு.

ஆகவே கோப்பை வீட்டுக்கு இழுக்காமல், திரையை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும். சுரங்கத்துக்குள் ரிமோட் டெஸ்க்டாப். டேலி அலுவலகக் கணினியிலேயே ஓடும். வீட்டுக்கு வருவது படம், அங்கே போவது விசைத் தட்டல். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இப்படி வெளியிலிருந்து உள்ளே வர முடியாது, ப்ரோ வேண்டும். ப்ரோவிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மூன்று பேர் ஒரே கணினிக்குள் வர விண்டோஸ் சர்வரும் ஆளுக்கொரு உரிமமும் வாங்க வேண்டும். அதைத் தவிர்க்க எளிய வழி: மூவரும் அலுவலகத்தில் தங்கள் மேஜையிலேயே இருக்கும் கணினிக்கு வரட்டும். மேஜைக் கணினிதான் டேலியோடு பேசும், அது அலுவலகத்துக்குள்ளேயே நடக்கும்.

அமைத்த பிறகு வரும் தொல்லைகள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் இவை வரும். கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.1 அல்லது 192.168.0 என்ற வரிசையோடு வருகின்றன. வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே வரிசை இருந்தால், 192.168.1.10 என்று அலுவலகக் கணினியைக் கூப்பிடும்போது வீட்டு டி.வி. திரும்பிப் பார்க்கும். இணைப்பு பச்சை விளக்குக் காட்டும், ஒன்றும் திறக்காது. வீடுகளை மாற்ற முடியாது, அலுவலகத்தைத்தான் 10.47.12 போல யாரும் வைக்காத ஒரு வரிசைக்கு மாற்ற வேண்டும். வி.பி.என். போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

வெளி உறைக்கும் எடை உண்டு. வயர்கார்டு 1,500 பைட் பொட்டலத்தில் 80-ஐத் தனக்கு எடுத்துக்கொண்டு 1,420 மிச்சம் வைக்கிறது. பி.பி.பி.ஓ.இ. (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும்) முறையில் வரும் ஃபைபர் லைனில் மொத்தமே 1,492. அதனால் பொட்டல அளவை 1,412 என்று கையால் குறைக்க வேண்டியிருக்கலாம். பிங் என்ற சின்னச் சோதனைப் பொட்டலம் போகும், லாகின் திரை வரும், பெரிய பக்கம் மட்டும் தொங்கும் என்றால் இதைப் பாருங்கள்.

பிறகு மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் அலுவலகம் முழுக்க அணைந்துவிடும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சின்ன யு.பி.எஸ்., மேஜைக் கணினிகளின் பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் நிரலில்) மின்சாரம் திரும்பியதும் தானே எழும் அமைப்பு. இரண்டையும் செய்யாவிட்டால், கோபியில் இருப்பவர் யாராவது போய் ஸ்விட்ச் போடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஈரோட்டில் எடுத்த முடிவு

2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனம் முடங்கியது. தாக்கியவர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் மூடாமல் விட்டிருந்த ஒரு பழைய வி.பி.என். கணக்கு வழியாக. அதற்கு இரண்டாம் பூட்டு இல்லை. 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 44 லட்சம் டாலர், தாக்கியவர்களுக்குப் பணயத் தொகையாகக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே பழைய சாவி ஒன்று மறந்துபோகிறது என்றால், கணினிக்கென்று ஆளே இல்லாத இடத்தில் அதை யார் நினைவில் வைப்பார்கள் என்று ஆடிட்டரிடம் கேட்டேன். ஊழியர் விலகும் அன்று மின்னஞ்சல் கணக்கை மூடுவது மட்டும் தவறாமல் நடக்கும் என்றார். அலுவலக மேலாளரம்மா அதில் கறாராம்.

அதனால் டெய்ல்ஸ்கேலைத் தேர்ந்தோம். சி.ஜி.நாட் ஒரு காரணம். அந்த அம்மா ஏற்கெனவே செய்யும் வேலையோடு, டெய்ல்ஸ்கேலிலும் அவர் பெயரை நீக்குவதை அன்றே சேர்த்துச் செய்துவிடலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். மூன்று மேஜைக் கணினிகளிலும் மூன்று வீட்டுக் கணினிகளிலும் நிறுவினோம். வீட்டிலிருந்து வருபவர் அவரவர் மேஜைக் கணினியின் ரிமோட் டெஸ்க்டாப்பை மட்டுமே தொட முடியும். டேலி கணினிக்கு நேர்வழி இல்லை. ஆடிட்டருக்கு மட்டும் பிரிண்டர் தெரியும். ஸ்டாட்டிக் ஐ.பி. வாங்கி, கணினிகளைக் கவனிக்க ஓர் ஆளும் அமர்ந்தால், மைக்ரோடிக்கில் நேரான வயர்கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதிவை எங்கே எடுப்பது என்பதையும் சேர்த்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தின் முகவரி வரிசையை மாற்றினோம். கணினிகள் எல்லாம் அரை மணியில் முடிந்தன. கைரேகை மெஷினின் பழைய எண்ணை மாற்ற நிர்வாகி கடவுச்சொல் வேண்டும். அதை வைத்திருந்தவர் இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவர். அவரைப் போனில் பிடித்துக் கேட்டு வாங்கினோம்.